இரவலும் இழப்பும்

வேறொரு சமூகத்தின் பிரதியை எடுத்து மேடையேற்றுபவர் அச்சமூகத்திற்கு எதைக் கடன்பட்டிருக்கிறார்? கீழைத்தேய மரபும் மேலைத்தேய அரங்கும் சந்திக்கும் போதெல்லாம் எழும் வினா இது.

1985இல் பிரான்சின் அவிஞ்ஞோன் விழாவில் பீற்றர் புறூக் மகாபாரதத்தை ஒன்பது மணிநேர நாடகமாக்கினார். அதன் பண்பாட்டு வேர்களிலிருந்து அதைப் பிடுங்கிவிட்டார் என இந்திய விமர்சகர் ருஸ்தம் பரூச்சா கண்டித்தார். காலனித்துவத்தை அனுபவித்த நாம் அக்கண்டனத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

புறூக் அதற்கு முன்னரே கையிலெடுத்த பிரதி நமக்கு இன்னும் நெருக்கமானது. அது பாரசீக சூபிக் கவிஞர் பரீதுத்தீன் அத்தாரின் 'மன்திக்குத் தைர்'. ஹுத்ஹுத்தின் வழிகாட்டலில் பறவைகள் தம் அரசனாகிய சீமுர்க்கைத் தேடி ஏழு பள்ளத்தாக்குகளைக் கடக்கின்றன. இறுதியில் எஞ்சியவை முப்பது. பாரசீகத்தில் 'சீ முர்க்' என்றாலும் முப்பது பறவைகள்தாம்.

1972இன் இறுதியில் புறூக்கின் பன்னாட்டு நடிகர்கள் இக்கதையை மனதிற்கொண்டு, அல்ஜீரியாவிலிருந்து சஹாராவைக் கடந்து ஆபிரிக்கக் கிராமங்களுக்குச் சென்றனர். மேடையில்லை, பொதுமொழியில்லை. மண்ணில் ஒரு கம்பளத்தை விரித்து நடித்தனர். 1979இல் ழான் குளோட் கரியேரின் எழுத்தில், பாலித்தீவு முகமூடிகளுடன் அவிஞ்ஞோனில் அது முழு நாடகமாயிற்று.

இங்கும் ஏற்றத்தாழ்வு இருந்தது. நடிகர்கள் விரும்பியபோது ஊர் திரும்பலாம். கிராமத்தவர் பரிஸுக்கு நாடகம் கொண்டுசெல்ல வழியில்லை. ஆயினும் இதனை மதிப்பிடும் அளவுகோலை அத்தாரே தந்திருக்கிறார். புல்புல் ரோஜாவை விட மறுக்கிறது. வாத்து நீரை விட மறுக்கிறது. வல்லூறு மன்னனின் கையை விட மறுக்கிறது. எதையும் விடாதவருக்குப் பயணம் இல்லை. தன் பழைய அரங்கிற்குப் பிறர் மரபை அலங்காரமாகப் பூசுவது சூறை. அதற்காகத் தன் மொழியையும் மேடையையும் பழக்கத்தையும் இழக்கத் துணிவது உரையாடலின் தொடக்கம்.

அதே அளவுகோல் நம்மையும் அளக்கும். மேற்குலகம் அத்தாரை எடுத்துக்கொண்டது எனக் குறைப்படும் நாம், அவரை எத்தனை பேர் வாசித்திருக்கிறோம்? சூபி இலக்கியத்தை ஐயத்தோடும், நாடகத்தை 'ஆகுமானதா' என்ற ஒற்றைக் கேள்வியோடும் ஒதுக்குவோர் நம்மிடையே உள்ளனர். மார்க்க வரம்பைப் பேணுவது கடமையே. ஆனால் வாசியாமலே தீர்ப்புக் கூறுவது பேணுதல் ஆகாது.

இழக்காமல் எடுத்துச் செல்பவரும், படிக்காத பிரதிக்குக் காவல் நிற்பவரும் இன்னும் புறப்படாத பறவைகளே.