குடும்ப ஓய்வூதியம் யாருடைய உழைப்புக்கு?

அரசு ஊழியரோ ஓய்வூதியரோ இறந்தால் அவருடைய மனைவிக்கு, அல்லது கணவருக்கு, மாதாமாதம் கிடைப்பது குடும்ப ஓய்வூதியம். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-க்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்கான பழைய திட்டத்தில், இது கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம், அகவிலைப்படி தனி. அலுவலகப் படியே ஏறாத ஒருவருக்கு அரசுப் பணம் போவது எந்த நியாயத்தில்?

ஆதரவற்றுப் போனவரைக் காப்பது அரசின் கடமை என்பது பழைய விடை. போரில் மாண்டவனின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் விட்ட செய்தி கல்வெட்டுகளில் உண்டு. ஆனால் தேவைதான் அளவுகோல் என்றால் கணக்கு உதைக்கிறது. சொந்தச் சம்பளம் வாங்கும் மனைவிக்கும், வயலும் வீடும் உள்ளவருக்கும் இது கிடைக்கிறது. ஒன்றுமில்லாத கூலிக்காரரின் கைம்பெண்ணுக்குக் கிடைப்பதில்லை.

ஓய்வூதியம் தானமல்ல, செய்த பணிக்கான உரிமை என்று நகாரா வழக்கில் 1982 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அப்படியானால் மனைவிக்குப் பங்கு வர, அந்தப் பணியில் அவருக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும். இருந்தது என்பதே சரியான விடை. கணவன் வேலைக்குப் போய்வர முடிந்ததே வீட்டை ஒருத்தி சுமந்ததால்தான். 2019-இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். கணவன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் இல்லத்தரசியின் உழைப்பும் அடங்கியிருக்கிறது, அதனால் அவருக்குச் சம பங்கு உண்டு என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இல்லறம் அறமாயிற்றே, அதற்குக் கூலி பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கைம்மாறு கருதாதே என்பது செய்பவருக்குச் சொன்னது. பெற்றுக்கொண்டவர் மறந்துவிடலாம் என்பதற்கு அது அனுமதி ஆகாது. குறளில் வாழ்க்கைத் துணைநலமும் செய்ந்நன்றி அறிதலும் ஒரே இல்லறவியலில்தான் இருக்கின்றன.

சிக்கல் அளவில் இருக்கிறது. பாளையங்கோட்டையில் 60,000 ரூபாய் சம்பளத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியரின் மனைவிக்கு 18,000 ரூபாய் வரும். 30,000 வாங்கிய அலுவலக உதவியாளரின் மனைவிக்கு 9,000. இருவரும் சமைத்த சோறு ஒன்றுதான், பார்த்த நோயாளியும் ஒன்றுதான். தாமிரபரணிக் கரையில் முக்கூடலுக்குப் போனால் கணக்கு இன்னும் கோணலாகிறது. அங்கே பெண்கள் மடியில் சுளகை வைத்து, ஊறிய பீடி இலையைக் கத்தரியால் வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டுகிறார்கள். இடையில் எழுந்து உலையில் அரிசியும் போடுகிறார்கள். வீட்டுவேலை, கூலிவேலை இரண்டும் செய்து, வருங்கால வைப்பு நிதிக்குப் பணமும் கட்டிய பீடித் தொழிலாளிக்கு உறுதியான ஓய்வூதியம், 2014-இல் நிர்ணயித்த குறைந்தபட்சப்படி, மாதம் 1,000 ரூபாய். வேலைக்கே போகாத ஆசிரியர் மனைவியிடமிருந்து எதையும் பிடுங்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டுவேலைக்கு மதிப்பு என்று சொல்லிக்கொண்டு கணவனின் சம்பளப் பட்டியலைப் பார்த்து விலை போடுவது நியாயமாகாது.

2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, இல்லத்தரசியின் உழைப்பை அவர் பெயரிலேயே அங்கீகரித்தது; மாதம் 1,000 ரூபாய். அதிலும் குடும்ப வருமான வரம்பு உண்டு என்பதால் உரிமை என்ற பெயரும் உதவி என்ற நடைமுறையும் ஒட்டவில்லை.

விவாகரத்தில்தான் விதியின் உண்மையான அடிப்படை தெரிகிறது. முப்பது ஆண்டு குடும்பம் நடத்திவிட்டு மணமுறிவு பெற்ற பெண்ணுக்குக் குடும்ப ஓய்வூதியம் இல்லை. செய்த வேலை அப்படியே இருக்க, உறவு மட்டும் முறிந்ததற்காக உரிமை போகிறதென்றால், இன்றைய விதி உழைப்பைப் பார்க்கவில்லை, தாலியைத்தான் பார்க்கிறது. வீட்டு உழைப்பை அடிப்படையாகக் கொண்ட ஓய்வூதியம், யாருடைய மனைவி என்று கேட்காமல், எல்லாப் பெண்களுக்கும் ஒரே அடித்தொகையாக இருக்க வேண்டும்.