சந்தை சொல்லும் நாளை

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் இரு அவைகளும் எந்தக் கட்சியின் கைக்குப் போகும் என்பது போன்ற கேள்விகள்மீது சீட்டு வாங்கி விற்கும் இடங்கள் கணிப்புச் சந்தைகள். அயோவா பல்கலைக்கழகம் 1988இல் ஆய்வுக்காகத் தொடங்கிய சந்தை இவற்றுள் மூத்தது. அதில் ஒருவர் 500 டாலருக்கு மேல் போட முடியாது. ‘மேலவையான செனட் குடியரசுக் கட்சிக்கே’ என்ற சீட்டு 62 சென்ட்டுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அக்கட்சி வென்றால் சீட்டுக்கு 1 டாலர் கிடைக்கும். தோற்றால் போட்ட பணம் போனதுதான்.

இந்த 62 சென்ட்டை 62 விழுக்காடு வாய்ப்பு என்று படிப்பது வழக்கம். ஆனால் ஒரே ஒருமுறை நடக்கப்போகும் தேர்தலுக்கு இப்படியோர் எண் உண்டா? நிகழ்தகவு என்பது திரும்பத் திரும்ப நிகழும் வரிசைக்கே பொருந்தும், தனி நிகழ்ச்சிக்குப் பொருந்தாது என்றார் கணிதவியலாளர் ரிச்சர்ட் வான் மீசஸ். கணிதவியலாளர்களான பிராங்க் ராம்சேயும் புருனோ டி ஃபினெட்டியும் வேறு வழியில் போனார்கள்: ஒருவர் எந்த விலைக்குப் பந்தயம் கட்டத் துணிகிறாரோ அதுவே அவருடைய நம்பிக்கையின் அளவு. சந்தைக்காரர்களுக்கு உவப்பான விளக்கம் இதுதான். இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 80 என்று நம்புபவர் வாங்குகிறார், 40 என்று நம்புபவர் விற்கிறார். இருவரும் 62இல் சந்திக்கிறார்கள். அந்த 62ஐ நம்புகிறவர் அங்கே ஒருவர்கூட இல்லாமல் போகலாம். விலை சராசரி நம்பிக்கையாக இருக்க வேண்டியதில்லை என்பதைப் பொருளியலாளர் சார்லஸ் மான்ஸ்கி 2006இல் கணக்கிட்டே காட்டினார்.

2022 நவம்பரில் வாக்குப்பதிவுக்கு முன்பு சந்தைகள் செனட்டைக் குடியரசுக் கட்சிக்கே கொடுத்திருந்தன. ஜனநாயகக் கட்சி அதைத் தக்கவைத்துக்கொண்டது. சந்தை பொய்த்தது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. 62க்கு எதிரே 38 எப்போதும் இருக்கிறது. ஒரு முடிவால் பொய்யாக்க முடியாத கூற்றை அந்த ஒரு முடிவால் மெய்யாக்கவும் முடியாது. பல தேர்தல்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் சோதனை. அப்போது வான் மீசஸின் வரிசை பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

இதைவிட ஆழமான சிக்கலை அரிஸ்டாட்டில் எழுப்பியிருக்கிறார். நாளை கடற்போர் நடக்கும் என்பது இன்றைக்கே உண்மையாகிவிட்டால், போரா சமாதானமா என்று மனிதர்கள் கூடி ஆலோசிப்பதற்கு என்ன பொருள்? தேர்தலும் அத்தகையது. யாருடைய செயலால் முடிவு உருவாகிறதோ அவர்களே விலையையும் பார்க்கிறார்கள். மழை தன்னைப்பற்றிய கணிப்பைக் கேட்டு மனம் மாறுவதில்லை, வாக்காளர் மாறக்கூடும். 2012 அதிபர் தேர்தலின்போது இன்ட்ரேட் என்ற கணிப்புச் சந்தையில் குடியரசுக் கட்சி வேட்பாளர் மிட் ராம்னி பக்கம் ஒரே ஒருவர் பல லட்சம் டாலர் கொட்டியது பின்னர் தெரியவந்தது. நோக்கம் எதுவானாலும், ஒருவருடைய பணம் பலருடைய மதிப்பீடுபோலக் காட்சியளித்தது. வாக்குரிமை ஆளுக்கொன்று; சந்தையில் அந்தச் சமத்துவம் கிடையாது.

பந்தயம் தேர்தலைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் பழையது. போப் தேர்தலின்மீது பந்தயம் கட்டுவது ரோமாபுரியில் பரவியிருந்த காலத்தில், 1591இல் போப் 14ஆம் கிரகோரி அதைத் தடைசெய்தார். மீறுபவர்களுக்குத் தண்டனை, திருச்சபையிலிருந்து விலக்கம். அமெரிக்காவில் முன்பேர வர்த்தகத்தைக் கண்காணிக்கும் கூட்டாட்சி ஆணையம், காங்கிரஸ் எந்தக் கட்சியின் கைக்குப் போகும் என்பது குறித்துக் கணிப்புச் சந்தை நிறுவனமான கால்ஷி விற்கவிருந்த சீட்டுகளுக்கு 2023 செப்டம்பரில் தடைவிதித்தது. அவை சூதாட்டம், பொதுநலனுக்கு எதிரானவை என்பது அதன் வாதம். ஓராண்டு கழித்து வாஷிங்டன் நீதிமன்றம் தடையை நீக்கியது. தேர்தல் என்பது சட்டம் சொல்லும் சூதாட்டமும் அல்ல, சட்டவிரோதச் செயலும் அல்ல என்பதே நீக்கியதற்குச் சொன்ன காரணம். இத்தகைய வர்த்தகம் நல்லதா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவில்லை.