கேள்வி முதலா, பெயர் முதலா?

ஒரு பெருந்துயரம் நடந்து முடிந்ததும் சட்டம் ஆக்குவோர் ஓர் அறையில் கூடுகின்றனர். சாட்சிகள் அழைக்கப்படுகின்றனர். மாதங்கள் கழிந்து அறிக்கையொன்று வெளிவருகிறது. அந்த அறிக்கையிலிருந்து பொலிஸாருக்கு அதிகாரம் பிறக்கிறது. அந்த அதிகாரம் என்றோ ஒரு நாள் யாரோ ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டுகிறது. கதவு தட்டப்பட்ட பிறகுதான் நாம் பேசத் தொடங்குகிறோம். அறைக்குள் என்ன கேட்கப்பட்டது, யாரிடம் கேட்கப்பட்டது என்பதைப் பற்றி நமது எழுத்தாளர்களும் அதிகம் எழுதுவதில்லை. நீதியும் அநீதியும் அந்த அறையிலேயே பிரிந்துவிடுகின்றன என்பது எனது எண்ணம்.

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைகளில் வினாத் தொடுக்கும் முறை பற்றிச் சொல்லித் தருவார்கள். முதலில் வகுப்பு முழுவதையும் நோக்கிக் கேள்வியைக் கேட்க வேண்டும். சற்றுப் பொறுக்க வேண்டும். அதன் பின்னரே ஒரு மாணவனின் பெயரைச் சொல்ல வேண்டும். பெயரை முதலில் சொல்லிவிட்டால் இரண்டு கேடுகள் நேரும். மற்றப் பிள்ளைகள் சிந்திப்பதை நிறுத்திவிடுவர். அழைக்கப்பட்டவனோ கேள்வி வருமுன்னரே குற்றவாளிபோல் எழுந்து நிற்பான். அவன் பேசினால் அது பதிலாகக் கேட்காது. பேசாவிட்டாலோ மௌனமே சாட்சியாகிவிடும்.

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்குச் சொன்ன விதிதான் இது. ஒரு நாட்டின் பாராளுமன்றக் குழுவுக்கும் இது பொருந்தும். 2019ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னர் நமது பாராளுமன்றத்தில் நடந்த இரண்டு காரியங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பலர் சிறுபிள்ளைகள். ஐந்து நாட்களின் பின்னர், எங்கள் நற்பிட்டிமுனைக்குப் பக்கத்தில், சாய்ந்தமருதில், சுற்றிவளைக்கப்பட்ட வீடொன்றுக்குள் குண்டுகள் வெடிக்க 15 பேர் இறந்தனர். அங்கும் பிள்ளைகள் இருந்தனர். அந்த வீட்டில் வந்து குடியேறியிருந்தோர் மீது சந்தேகங்கொண்டு தகவல் கொடுத்தவர்கள் ஊர் முஸ்லிம்களே என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

மே மாதம் பிரதிச் சபாநாயகர் ஆனந்த குமாரசிறி தலைமையில் பாராளுமன்றத் தெரிவுக்குழு ஒன்று நியமிக்கப்பட்டது. அக்குழு தனது விசாரணைகளைப் பெரும்பாலும் ஊடகங்களின் முன்னிலையில் நடத்தியது. அதன் முதலாவது கேள்வி யாருடைய பெயரையும் தாங்கியிருக்கவில்லை. தாக்குதல் வரப்போகிறது என்பது யாருக்குத் தெரிந்திருந்தது, தெரிந்திருந்தும் ஏன் தடுக்கப்படவில்லை என்பதே அக்கேள்வி. ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. ஸஹ்ரானைப் பற்றி முஸ்லிம்கள் ஆண்டுக்கணக்கில் முறைப்பாடு செய்து வந்தனர் என்பதும் சாட்சியங்களில் வெளிவந்தது. இவற்றைக் கேட்டபின் குழுவின் விரல், புலனாய்வுத் தலைமையையும் பாதுகாப்பு நிர்வாகத்தையும் நோக்கித் திரும்பியது. ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன முதலில் இக்குழுவை எதிர்த்தார். செப்டெம்பரில் அவரும் அதன்முன் பதில் சொல்ல நேர்ந்தது. ஒக்டோபரில் அறிக்கை வெளிவந்தது.

குறைகள் இல்லாத குழு அல்ல அது. பிரதான எதிரணியினர் அதில் பங்குபற்றவில்லை. தேர்தல் நெருங்கிய காலம் என்பதால் அரசியல் வாடையும் வீசிற்று. ஆயினும் கேள்வி சரியான திசையில் கேட்கப்பட்டது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை வழக்குகளில் தீர்ப்பளித்தபோது, முன்னாள் ஜனாதிபதி 100 மில்லியன் ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென்றும், பொலிஸ், புலனாய்வு, பாதுகாப்புத் துறைகளின் அன்றைய தலைமைகளும் செலுத்த வேண்டுமென்றும் கட்டளையிட்டது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு எதாவது கிடைத்ததென்றால் அது இந்தத் திசையிலிருந்தே கிடைத்தது.

இனி இரண்டாவது காரியம். தேசிய பாதுகாப்பு பற்றிய துறைசார் மேற்பார்வைக் குழுவின் அறிக்கையை 2020 பெப்ரவரியில் மலித் ஜயதிலக பாராளுமன்றத்தில் சமர்ப்பித்தார். இன நல்லுறவைப் பலப்படுத்திப் பயங்கரவாதத்தை ஒழிப்பதே அதன் சொல்லப்பட்ட நோக்கம். புர்காவைத் தடை செய்தல், மதரஸா மாணவர்களை மூன்று வருடங்களுக்குள் சாதாரண பாடசாலைகளுக்குள் உள்வாங்குதல், இன, மத அடிப்படையிலான கட்சிகளின் பதிவை நிறுத்துதல் என்பன அதன் சிபாரிசுகளுட் சில.

இவற்றுள் சிலவற்றை நாமே நமக்குள் விவாதித்ததுண்டு. மதரஸாப் பாடத்திட்டம் சீர்பெற வேண்டும் என்று நமது சஞ்சிகைகள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே எழுதி வந்துள்ளன. எனவே சிபாரிசு நல்லதா கெட்டதா என்பதல்ல இங்கு எனது வாதம். ஏப்ரல் 4ஆம் திகதி வந்த எச்சரிக்கை மேசை மேசையாய்க் கிடந்ததற்கும், ஒரு பெண் முகத்தை மூடுவதற்கும் என்ன தொடர்பு? குண்டு வைத்தவர்கள் முகம் மூடி வரவில்லை. இங்கே பெயர் முதலில் அழைக்கப்பட்டது. பெயர் அழைக்கப்பட்டதும் வகுப்பின் மற்றப் பகுதி, அதாவது கடமை தவறிய அதிகாரம், நிம்மதியாக உட்கார்ந்துகொண்டது.

செய்கையைப் பற்றிக் கேட்பதும் இருப்பைப் பற்றிக் கேட்பதும் ஒன்றல்ல. "நீ என்ன செய்தாய்?" என்பதற்குப் பதில் சொல்லலாம், சாட்சி கொண்டுவரலாம், பொய்யென்றும் நிறுவலாம். "நீ ஏன் இப்படி இருக்கிறாய்?" என்பதற்கு எந்தச் சாட்சியைக் கொண்டுவருவது? அந்த நாட்களில் நமது ஊர்களில் அரபு எழுத்துள்ள ஒரு தாளை வைத்திருக்கவும் பயந்து, எரிப்பதா புதைப்பதா என்று தவித்தவர்கள் எத்தனை பேர்! அவர்களில் யாரும் எதுவும் செய்திருக்கவில்லை.

இப்படிக் கேட்கும் வழக்கம் 2019இல் தொடங்கியதல்ல. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம், வடக்கின் தமிழ் இளைஞரை மனதிற் கொண்டு ஆக்கப்பட்டது. தற்காலிக ஏற்பாடுகள் என்று அதன் பெயரிலேயே இருக்கிறது. மூன்று வருடங்களுக்கென்று வந்தது 1982இல் நிரந்தரமாயிற்று. நீதிவான் முன் நிறுத்தாமலே அமைச்சரின் கட்டளையில் 18 மாதங்கள் வரை ஒருவரை வைத்திருக்க அது இடமளித்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் அதை 12 மாதங்களாகக் குறைத்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவரிடம் சொன்ன வாக்குமூலத்தையே சான்றாக ஏற்கவும் அச்சட்டம் வழி செய்தது. தமிழருக்கென்று ஆக்கப்பட்டது 80களின் இறுதியில் தெற்கின் சிங்கள இளைஞர்மீது பாய்ந்தது. 2019இன் பின் முஸ்லிம்களைத் தேடி வந்தது. 2022 ஓகஸ்டில், போராட்டம் நடத்திய பல்கலைக்கழக மாணவர் தலைவர்களையும் அது விட்டுவைக்கவில்லை.

நற்பிட்டிமுனையில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கிறோம். ஒரு காலத்தில் ஒரு தெருவின் கதவுகள் தட்டப்பட்டன. பின்னொரு காலத்தில் மற்றத் தெருவின் கதவுகள். 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளின் பின்னர், இந்தச் சட்டம் தங்களுக்குக் காவல் என்று நம் சமூகத்திற் சிலர் நம்பியதில் வியப்பில்லை. ஆனால் பெயரை முன்வைத்து ஆக்கப்படும் சட்டத்துக்கு எந்தப் பெயரும் போதும்.

இந்தச் சட்டத்தின் விலை என்னவென்று இலக்கியக்காரரான நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம் 2020 மே 16ஆம் திகதி கைதானார். அவரது 'நவரசம்' 2017இல் வெளிவந்த தமிழ்க் கவிதைத் தொகுதி. தமிழில் வாசித்தவர்கள் அதில் வன்முறைக்கு எதிரான கவிதைகள் இருப்பதைக் கண்டார்கள். விசாரணையோ அதைத் தீவிரவாத நூலாக நடத்தியது. 2021 டிசெம்பரில் பிணை கிடைக்கும் வரை 19 மாதங்கள் அவர் அடைபட்டிருந்தார். 2023 டிசெம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஒரு கவிதை நூலைச் சரியாக வாசிக்க அரசுக்கு மூன்றரை வருடங்களுக்கு மேல் பிடித்தது. வாசித்த பின் சந்தேகிப்பதே முறை. இங்கே சந்தேகித்த பின் வாசித்தார்கள்.

நியாயமான ஒரு மறுப்பை இங்கு எதிர்கொள்ள வேண்டும். கட்டுவாப்பிட்டியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் இந்த முறைமைகளைப் பேச முடியுமா? அச்சம் சூழ்ந்த வேளையில் அரசு கைகட்டி நிற்பதா? அந்தத் தாயின் உரிமையே முதல் உரிமை. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவளுக்குத் தேவையான பதில், தன் பிள்ளை ஏன் காக்கப்படவில்லை என்பது. அதைத் தேடிப் போனது பெயர் சொல்லாமற் கேட்ட கேள்விதான். மற்றக் கேள்வி அவளது துயரத்தைக் கைக்கொண்டதே தவிர, அவளுக்கு எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

பிற நாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. 1993இல் லண்டனில் ஸ்டீபன் லோரன்ஸ் என்ற கறுப்பின இளைஞன் கொலையுண்டான். 1999இல் வெளிவந்த மக்ஃபர்சன் அறிக்கை, கறுப்பின இளைஞரை ஆராயவில்லை. லண்டன் பொலிஸாரை ஆராய்ந்தது. அமைப்பிலேயே ஊறிய இனவாதம் அவர்களிடம் உள்ளதென்று சொன்னது. அது பொலிஸாரின் கையைக் கட்டிவிடும் என்று பயந்தவர்கள் இருந்தனர். நடந்ததோ வேறு. விடுதலையானவரை மீண்டும் விசாரிக்க முடியாதென்ற பழைய விதி, அவ்வறிக்கையின் சிபாரிசை ஒட்டிப் பாரிய குற்றங்களுக்குத் தளர்த்தப்பட்டது. 2012இல் கொலையாளிகள் இருவர் தண்டிக்கப்பட்டனர். அதிகாரத்தை நோக்கிக் கேட்ட கேள்வி குற்றவாளியைப் பிடிக்கவும் உதவிற்று.

அலி (ரலி) அவர்களை யமனுக்கு நீதி வழங்க அனுப்பியபோது, ஒரு தரப்பைக் கேட்டதும் தீர்ப்பளிக்க வேண்டாம், மறுதரப்பையும் கேளுங்கள் என்று நபிகளார் பணித்த செய்தி நமக்குத் தெரியும். அந்தப் பணிப்பு நீதிபதிக்கு உரியது. சட்டம் ஆக்குவோருக்கு அது இன்னும் கூடப் பொருந்தும். நீதிபதி ஒரு மனிதனைத் தீர்க்கிறார். சட்டம் ஆக்குவோர் இன்னும் பிறக்காதவர்களையும் சேர்த்துத் தீர்க்கின்றனர். அந்த அறையில் மறுதரப்பு என்பது, அச்சட்டம் யார்மீது விழுமோ அவர்.

ஆகவே பயங்கரவாதத்துக்கு எதிரான சட்டம் எதையும் ஆராயும் எந்தக் குழுவும், பழைய சட்டத்தின்கீழ் அடைபட்டுப் பின்னர் குற்றமற்றவரென விடுதலையானவர்களை அழைத்துக் கேட்பதை முதற் கடமையாகக் கொள்ள வேண்டும். பாதுகாப்பு அதிகாரிகளின் சாட்சியம் எவ்வளவு நேரம் கேட்கப்படுகிறதோ அவ்வளவு நேரம் அவர்களுக்கும் தரப்பட வேண்டும். 2018இலும் 2023, 2024இலும் மாற்றுச் சட்டமூலங்கள் வந்தபோது நமது தரப்பிலிருந்து சட்டத்தரணிகள் பேசினார்கள். எழுத்தாளர்கள் பேசியது குறைவு. குழுக்கள் பொதுமக்களின் அபிப்பிராயம் கோரும் வேளைகளில் தமிழில் எழுதி அனுப்ப எவருக்கும் உரிமை உண்டு. பக்கத்துத் தெருத் தமிழ் நண்பரின் கையொப்பத்தையும் சேர்த்து அனுப்பினால் இன்னும் நல்லது. இந்தச் சட்டத்தோடு நம்மைவிட நீண்டகாலப் பழக்கம் அவர்களுக்குத்தான்.