மகிழமரத்தடியில் சாட்சி

திருவொற்றியூர் தியாகராசர் கோயிலின் மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை என்று ஒரு நாள் உண்டு. சங்கிலி நாச்சியாரை மணக்கச் சுந்தரர் அவருக்குச் செய்துகொடுத்த சத்தியத்தை ஊர் நினைத்துக்கொள்ளும் நாள். ஒற்றியூரை விட்டுப் போகமாட்டேன் என்று சன்னிதியில் சத்தியம் செய்ய வேண்டும். சுந்தரருக்கோ திருவாரூர் ஞாபகம். சத்தியம் செய்து முடிக்கும்வரை கருவறையை விட்டுவிட்டு மகிழமரத்தடியில் போய் இருக்கும்படி இறைவனிடமே கேட்டுக்கொள்கிறார். இறைவனும் சம்மதித்துவிட்டு, பெண் வீட்டுப் பக்கமும் விஷயத்தைச் சொல்லிவிடுகிறார். சங்கிலியாரின் தோழியர் சன்னிதி வேண்டாம், மரத்தடியே போதும் என்கிறார்கள். வேறு வழியில்லாமல் சத்தியம் அங்கேயே நடக்கிறது. பிறகு வசந்தம் வருகிறது, ஆரூர் இழுக்கிறது, ஊர் எல்லையைத் தாண்டியதும் பார்வை போகிறது.

தண்டனையைப் பற்றிப் பக்தர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். அதைவிடச் சுவையானது சுந்தரரின் கணக்கு. சத்தியத்தை மாற்ற அவர் முயலவில்லை. சாட்சியைத்தான் அப்புறப்படுத்தப் பார்த்தார்.

இதே ஊரில் இன்று சீருடையும் கழுத்தில் ஸ்கார்ஃபுமாகச் சாரணர் படையில் சேரும் பிள்ளையும் மூன்று விரலை உயர்த்தி ஒரு சத்தியம் செய்கிறது. கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமை, பிறருக்கு உதவி, சாரணர் விதிக்குக் கீழ்ப்படிதல். எல்லாம் இயன்றவரை. பாரத சாரண சாரணியர் இயக்கத்தில், கடவுள் என்று சொல்ல மனம் ஒப்பாதவர்கள் தர்மம் என்று சொல்லிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெரியார் படம் மாட்டிய வீட்டுப் பிள்ளைக்குத் தர்மமும் அவ்வளவு எளிதாக வாயில் வராது!

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் மிகச் சிறிய பிள்ளைகளுக்கான சாரணர் பிரிவில் கூடவே பெரியவர் ஒருவரும் சேர வேண்டும். இல்லினாய் மாநிலத்தில் ஒரு தகப்பனும் ஏழு வயது மகனும் அப்படிச் சேரப் போனார்கள். கடவுள் நம்பிக்கையை ஒப்புக்கொள்ள மறுத்ததால் இருவருக்குமே இடமில்லை என்றார்கள். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 1993-இல் இயக்கத்தின் பக்கமே தீர்ப்பானது. பிரிட்டன் 2014 முதல் நம்பிக்கை இல்லாதவர்களுக்கென்று மாற்று உறுதிமொழி ஒன்றை வைத்துக்கொண்டது.

யார் பெயரால் சத்தியம் என்பதில் இத்தனை சண்டை. யார் முன்னால் என்று கேட்பவர்கள் குறைவு.

பத்து வயதில் கடவுளுக்குக் கடமை என்றால் என்ன புரியும்? அம்மா பார்க்கிறாள் என்பது புரியும். இங்கே பெரும்பாலான படைகள் பள்ளிக்கூடத்தோடு இணைந்தவை. சாரண ஆசிரியர்தான் எல்லாம். பெற்றோருக்கு முகாமுக்குக் கையெழுத்துப் போடுவதும் ரயிலடியில் கொண்டுபோய் விடுவதும்தான் வேலை. அதைத் தாண்டி, வாரக் கடைசியில் வந்து முடிச்சுப் போடக் கற்றுக்கொடுக்கும், முகாமில் சாம்பார் கிளறும் தகப்பனோ தாயோ இருந்தால், அவர்களே மகிழமரத்தடி. அங்கே ஏமாற்ற முடியாது. இதில் ஒரு வம்பும் உண்டு: இயக்கத்தில் பொறுப்பு ஏற்கும் பெரியவர்களுக்கும் அதே உறுதிமொழிதான். சாலை விதியை மீறும் அப்பாவைப் பின்சீட்டுக்காரன் இனிமேல் சும்மா விடமாட்டான்.

பெற்றோர் இப்படி வருவது தொண்டா, சுயநலமா என்று ஒரு கேள்வி வரும். ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறார்கள். குடியரசுத் தலைவர் விருது அதற்கான தகுதிகளில் ஒன்று. வடசென்னை வீட்டில் இந்தக் கணக்குப் போடாமல் இருப்பார்களா? இந்த ஊரின் தொண்டு மரபோ கடுமையானது. ஒற்றியூர் எண்ணெய் வணிகரான கலிய நாயனார், கோயில் விளக்கெரிக்கக் காசில்லாமல் மனைவியையே விற்கத் துணிந்தார். வாங்க ஆளில்லாதபோது எண்ணெய்க்குப் பதில் தன் இரத்தத்தை ஊற்ற முனைந்தார். அந்த அளவுகோலை வைத்தால் எந்தப் பெற்றோரும் தேறமாட்டார். தேற வேண்டியதும் இல்லை. விற்கப்பட இருந்த மனைவியின் பக்கத்திலிருந்து பார்த்தால், வீட்டை அடகு வைக்காத தொண்டுக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது. தன் பிள்ளைக்காக வந்தவர் அடுத்த வீட்டுப் பிள்ளையின் ஷூ கயிற்றையும் கட்டிவிடுகிறாரா என்று பார்த்தால் போதும்.

உண்மையான சோதனை வேறு இடத்தில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, மீனவர்கள் வாளியும் குவளையும் வைத்து அள்ளினார்கள். அதே மாதக் கடைசியில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் அமோனியா கசிய, நள்ளிரவில் ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். இப்படிப்பட்ட கரையில் பதினைந்து வயதுச் சாரணன், பிறருக்கு உதவுவேன் என்று சொன்னேனே, நானும் இறங்குகிறேன் என்றால் சாட்சியாக நின்றவர் என்ன சொல்வது? போகாதே என்றால் சத்தியம் பொய். போ என்றால் பிள்ளையின் தோலும் நுரையீரலும். இயன்றவரை என்பதன் அளவைப் பதினைந்து வயதிடம் விட முடியாது. எண்ணெயில் இறங்காதே, கரையில் தண்ணீர்க் கேனைத் தூக்கு என்று பிரித்துச் சொல்லவும், இறங்குகிற பெரியவர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் எங்கே என்று அதிகாரிகளிடம் குரலை உயர்த்திக் கேட்கவும் அங்கே ஒருவர் வேண்டும். பெரும்பாலும் அது யாராவது ஒரு பிள்ளையின் அம்மாவாகத்தான் இருக்கும்.