அடியில் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?

கேட்காததைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யா? நம் இளைஞர்களிடம் இதைக் கேட்டால் பாதிப் பேர் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். என்னைப் பல வாரம் இந்தக் கேள்வியோடு உட்கார வைத்தது ஒரு பழைய காரின் பின்பக்க சஸ்பென்ஷன்.

பாயான் லெப்பாசில் என் மாமா ஒரு எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தார். இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட வண்டி அது. மேலே பார்த்தால் கண்ணைப் பறிக்கும் சிவப்பு. பின்பக்கம் அடியில் பார்த்தால் லாரி மாதிரிதான்: குறுக்கே ஒரே அச்சு, இரண்டு பக்கமும் பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங், ஆட்டத்தை அடக்க எண்ணெய் நிரப்பிய அப்சோர்பர். ஸ்பிரிங்கின் முன்முனை காரின் உடம்போடு ஒரு போல்ட்டில் மாட்டியிருக்கும். பின்முனை ஷேக்கிள் என்ற சிறு இரும்புத் துண்டில் தொங்கும். பாரம் ஏறும்போது ஸ்பிரிங் நிமிர்ந்து நீளும். அந்த நீளத்துக்கு இடம் கொடுப்பது ஷேக்கிள்.

மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக மாமா காரை விற்க முடிவு செய்தார். விற்பதற்கு முன் பின்பக்க ரப்பர் புஷ்களை மாற்றலாம் என்று வண்டியைத் தூக்கி நிறுத்தினோம். ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால், துரு பொலபொலவென்று கொட்டுகிறது. ஸ்குரூடிரைவர் முனை உள்ளேயே போய்விட்டது. கடல் காற்றும் மழையும் உள்ள ஊர். இரும்பு என்ன செய்யும்?

பின் அச்சை நேராகப் பிடித்திருப்பதே அந்த இடம்தான். வேகமாகப் போகும்போது அது பிய்ந்தால் அச்சு ஒரு பக்கம் நகரும். அப்புறம் ஸ்டியரிங்கை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது.

உதவிக்கு வந்த நண்பர் ஒருவர் மாமாவிடம் சொன்னார்: "மேல கறுப்புப் பெயிண்ட் அடிச்சு விட்டுடுங்கண்ணே. வாங்குறவன் என்ன படுத்தா பார்க்கப் போறான்? கேட்டா சொல்லுவோம், கேக்கலன்னா விடுவோம். உங்களுக்கு வித்தவன் மட்டும் சொன்னானா?"

அவர் கெட்டவர் இல்லை. நம்மில் பலர் சொல்வதைத்தான் சொன்னார். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தக் கறுப்புப் பெயிண்டே ஒரு பேச்சு. "இங்கே ஒன்றுமில்லை" என்று வாங்குபவரிடம் அது சொல்கிறது. வாயால் சொல்லாமல் கையால் சொன்ன பொய். நமக்கு விற்றவர் சொல்லவில்லை என்பதும் உண்மைதான். ஆளுக்கு ஆள் அடுத்தவர் தலையில் கட்டிக்கொண்டே போனால், கடைசியில் அது விவரம் தெரியாத ஒரு பையனின் தலையில்தான் விடியும்.

கனமான நியாயம் ஒன்று பாக்கி இருந்தது. காசு இல்லை. வெல்டிங்குக்குக் கொடுக்கப் பணம் இருந்தால் மாமா காரை ஏன் விற்கப் போகிறார்? இங்கேதான் ஒரு வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். சரிசெய்ய முடியாதது குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம். துருவைத் துருவாகவே காட்டி, விலையைக் குறைத்து விற்கலாம். கையில் காசில்லாதவராலும் அது முடியும்.

மாமா அதைத்தான் செய்தார். முதலில் வந்தவரைக் குனியச் சொல்லி, டார்ச் அடித்துக் காட்டினார். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். கட்டணத்துக்கு மாமா கடன் வாங்கினார். பிறகு ஐந்து வார இறுதிகள் வேலை நடந்தது. தெரிந்த வெல்டர் ஒருவர் துருப்பிடித்த தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்தார். ஸ்பிரிங், புஷ், யூ போல்ட் எல்லாம் மாற்றினோம்.

ரப்பர் புஷ் போடும் வேலையில் ஒரு விதி உண்டு. வண்டி தூக்கி நிற்கும்போது போல்ட்டை முழுசாக இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் பதிந்து, வண்டியின் எடை ஏறிய பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். நேர்மையும் இப்படித்தான். கஷ்டம் இல்லாதபோது "நான் நேர்மையானவன்" என்பது அந்தரத்தில் இறுக்கிய போல்ட். கட்டணத் தேதி நெருங்கும்போது டார்ச் அடித்துக் காட்டினாரே, அது பாரம் ஏறிய பிறகு இறுக்கியது.

சில மாதம் கழித்து வண்டி விற்றது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் நட்டம்தான். நேர்மைக்கு இரண்டு மடங்கு திரும்பி வரும் என்று சொல்ல என்னிடம் கதை இல்லை.

பிறகு எதற்கு? புது வண்டி வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். இந்த வண்டியால் யாருக்கும் தீங்கு வரக்கூடாது என்பதுதானே வேண்டுதல்? அந்த "யாருக்கும்" என்ற சொல்லில், நாளை இதை நம்மிடமிருந்து வாங்கப்போகிற, பேர் தெரியாத மனிதரும் இருக்கிறார். துருவை மூடினால் நம் வேண்டுதலை நாமே அழிக்கிறோம்.

நண்பர்களே, அடுத்த முறை பழைய மோட்டார் சைக்கிளோ கைப்பேசியோ விற்கும்போது, வாங்குபவர் கேட்காத ஒரு குறை உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவர் காசை எண்ணுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.