சாவிக் கொத்து

புக்ககம் வந்த மருமகளிடம் சில மாமியார்கள் சொல்வதுண்டு: "முதலில் இது உன் வீடு என்ற நினைப்பு உனக்கு வரட்டும், அப்புறம் சாவிக் கொத்தைத் தருகிறேன்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உப்புக்கும் புளிக்கும் கையேந்தி நிற்கிறவளுக்கு அந்த நினைப்பு எந்த வழியாக வரும் என்று மாமியார் யோசிப்பதில்லை.

பிழைக்க வந்த மக்களிடம் அரசாங்கங்கள் பேசும்போதும் இதே குரல்தான். விசுவாசத்தைக் காட்டு, வாக்குரிமை தருகிறோம் என்கிறார்கள். இந்த வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இலங்கை மலைநாட்டைப் பார்த்தால் போதும்.

காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களின் சந்ததியார், லயன் அறைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். 1947 தேர்தலில் அவர்கள் வாக்களித்து, இலங்கை இந்தியன் காங்கிரஸின் சார்பில் ஏழு பேரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். வேறு நாட்டின்மேல் கண்ணாக இருப்பவன் இந்த நாட்டுப் பார்லிமெண்டுக்கு ஏன் ஆள் அனுப்புகிறான்? ஆனால் மறு வருஷமே, 1948-ல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையிலேயே பிறந்தவனானாலும், தகப்பன் அங்கே பிறந்ததை, அல்லது பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். லயன் அறையில் பிறந்த தகப்பனுக்குக் காகிதத்தை யார் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள்? 1949-ல், பிரஜைக்கே வாக்கு என்று தேர்தல் சட்டத்தையும் திருத்தினார்கள். லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள்.

கண்டிச் சீமைச் சிங்களக் குடியானவனின் பயத்தைப் பொய் என்று நான் தள்ளிவிட மாட்டேன். அவன் ஊரைச் சுற்றியிருந்த காட்டையும் மேட்டையும் வெள்ளைக்காரன் எடுத்துத் தோட்டமாக்கினான். அந்தத் தோட்டத்தில் குடியேறியவர்கள் எண்ணிக்கையால் தன் தொகுதியையும் எடுத்துக்கொள்வார்களோ என்று அவன் அஞ்சினான். அஞ்சியதில் தப்பில்லை. ஆனால் நிலத்தை எடுத்தவன் துரை. வாக்கை இழந்தவன் கூலிக்காரன். இந்தக் கணக்கு எந்தத் தர்மத்தில் சேர்த்தி?

வாக்குப் போனதும், தேர்தலுக்கு நிற்கிறவன் லயத்துப் பக்கம் வர வேண்டிய அவசியம் போயிற்று. பள்ளிக்கூடமும் வைத்தியமும் துரை மனசு வைத்தால் உண்டு. 1964-ல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். பாகப் பிரிவினையில் பித்தளைப் பாத்திரம் வாய் திறந்து பேசாது; இவர்கள் பேசக்கூடியவர்கள். கேட்கத்தான் ஆளில்லை.

எல்லா மாமியாரும் இப்படியில்லை. நியூஸிலாந்தில் 1975 முதல், நிரந்தரமாக வசிக்க அனுமதி பெற்றவர் பிரஜையாகாவிட்டாலும் பார்லிமெண்டுத் தேர்தலில் வாக்களிக்கலாம். வேட்பாளராக நிற்கத்தான் பிரஜாவுரிமை வேண்டும். அந்த வீடு ஒன்றும் இடிந்து விழுந்துவிடவில்லை.

மலைநாட்டிலும் காலம் மெதுவாகத் திரும்பிற்று. 1947-ல் ஜெயித்த தொண்டமான் 1977-ல் மறுபடி தேர்தலில் ஜெயித்து, 1978-ல் மந்திரியானார். நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் 2003-ல் நிறைவேறியது. அதன் பிறகும் ஒரு பூட்டு மிச்சமிருந்தது. தோட்டம் தனிச் சொத்து என்பதால், பிரதேச சபை தன் பணத்தை அங்கே செலவிடச் சட்டம் இடம் தரவில்லை. லயத்துக்காரன் அந்தச் சபைக்கு வாக்குப் போடலாம். அந்தச் சபை அவன் வாசலுக்கு ஒரு பாதை போட முடியாது. 2018-ல்தான் அதைத் திருத்தினார்கள்.