காட்சியும் காரணமும்

நோயுற்றார் காரணம் அறிய விழைதல் இயல்பு. அங்ஙனம் அறியப் புகுந்துழித் தேடாத பிறிதொன்று காணப்படின், அதனை நோய்க்குக் காரணமென்று கோடல் முறையாமோ என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

கம்மாபுரத்தில் வாழும் எமக்கு இருபதாண்டுகளாக ஒற்றைத் தலைவலி உண்டு. மக்கள் வற்புறுத்தச் சென்ற ஆண்டு மூளையை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படம் எடுப்பித்தேம். மூளையைப் போர்த்த உறையில் ஒரு சிறு நீர்க்கட்டி காணப்பட்டது. "இது பிறவியிலேயே அமைந்ததாகலாம், தலைவலி இதனாலன்று" என்றார் மருத்துவர். வலி முன்போலவே வந்துபோயிற்று. உறக்கமோ அன்றே நீங்கிற்று.

இத்தகைய காட்சி அரிதன்று. நெதர்லாந்து நாட்டு ரோட்டர்டாம் நகரில், நாற்பத்தைந்து வயது கடந்த 2,000 பேரை இவ்வாறே படமெடுத்து ஆய்ந்தார் 2007-இல் தம் முடிபை வெளியிட்டனர். அறிகுறியொன்றுமின்றியே நூற்றுக்கு 7.2 பேர்க்குக் குருதியடைப்பின் சுவடும், 1.8 பேர்க்குக் குருதிக்குழாய்ப் புடைப்பும் மூளையில் இருந்தன.

அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார் அளவையியலிற் கருதலளவைக்கு அவிநாபாவம் வேண்டுமென்றார். அஃதாவது, ஏது தன்னாற் பெறப்படும் பொருளை விட்டுப் பிரியாதிருத்தல். இத்தகைய கட்டியுடையார் பலர் தலைவலியின்றி வாழ்கின்றனர். தலைவலியுடையாருட் பெரும்பாலார்க்குக் கட்டியில்லை. பின்னர் அப்பிரியாமை யாண்டையது? ஆகலின் இது காக்கை ஏறவும் பனம்பழம் வீழவும் ஒத்தாற்போல்வதாகிய காகதாலீயமே என்க. படம் பொய்க்கவில்லை, அதன்மேல் எம் உள்ளம் செய்த கருதலே பொய்த்தது.

அற்றேற் படமெடாமையே நன்றெனின், அன்று. இடிபோல் திடீரெனத் தோன்றும் கடுவலி, காய்ச்சலோடு கூடிய கழுத்து விறைப்பு, கைகால் தளர்ச்சி, ஐம்பது வயதின்மேற் புதிதாய்த் தோன்றிய தலைவலி என்னும் இவற்றின்கண் காலந்தாழாது மருத்துவரை அடைந்து ஆராய்வித்தல் கடன்.

இனி எஞ்சியது ஒன்றுண்டு. யாக்கை நிலையாமையை நாற்பதாண்டு மாணாக்கர்க்கு உரைத்தேம். அந்நிலையாமை ஒரு படமாய்க் கையில் வந்த பொழுது நடுங்கினேம். நூலிற் கற்ற பொருள் அதுகாறும் எம் அநுபவத்திற்கு வந்ததில்லை என்பதனை அந்நடுக்கமே காட்டிற்று. கட்டியினும் கருதத்தக்க குறை அதுவே. அதனைத் தீர்க்கும் மருந்து மருத்துவர்பால் இல்லை, திருவருளே துணை.